கை நரம்பு அறுந்து இடைவெளி விழுந்திருக்கிறது: குழாய் வைப்பதா, காலிலிருந்து நரம்பு எடுப்பதா?

மண்டபம் வடகரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் விசைப்படகில் வேலை பார்க்கிறார். தீபாவளிக்குச் சில நாள் முன்பு வலை இழுக்கும்போது விஞ்சின் இரும்புக் கயிறு பிய்த்துக்கொண்டு அடித்து, இடது முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே ஆழமாகக் கிழித்துவிட்டது. கரை வந்து சேரும்போது விடிந்துவிட்டது. முதலில் காட்டிய இடத்தில் இரத்தத்தை நிறுத்தித் தோலைத் தைத்து அனுப்பினார்கள். சுண்டுவிரல் மரத்திருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று பதில் வந்தது.

வீக்கம் வடிந்தது, மரப்பு போகவில்லை. விறைப்பு விடட்டும் என்று தங்கை வெதுவெதுப்பான தண்ணீரில் அவர் கையை ஊற வைப்பாள். ஒருநாள் எடுத்துத் துடைக்கும்போது பார்த்திருக்கிறாள்: மூன்று விரல்கள் வழக்கம்போல ஊறிச் சுருங்கியிருக்கின்றன, சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும் சுருக்கமே விழாமல் வழவழவென்று இருக்கின்றன. அப்போதுதான் பயந்துபோய் மதுரைக்கு அழைத்துப் போனோம்.

சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு முழுதாக அறுந்திருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். நைந்த முனைகளை வெட்டி எடுத்தால் இரண்டரை சென்டிமீட்டர் வரை இடைவெளி வருமாம், இழுத்துத் தைக்க முடியாதாம். இரண்டு வழி சொன்னார்கள். காலிலிருந்து நரம்பு எடுத்து ஒட்டு வைப்பது ஒன்று, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன குழாய் வைப்பது இன்னொன்று. குழாய் வெளிநாட்டுச் சரக்கு, விலை கூட. காலை வெட்டாமல் முடியுமென்றால் கடன் வாங்கியாவது குழாய் வாங்கிவிடலாம் என்று தங்கை அழுகிறாள். அவரோ, மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்போது படகு ஓடாது, நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்கிறார். இந்தக் குழாய் உண்மையில் என்ன செய்கிறது?

தங்கச்சிமடத்துப் பெண் எழுதியது:

அண்ணே, நான் உங்களுக்குப் பக்கத்து ராமேஸ்வரம் தீவுக்காரிதான். அறுந்த நரம்பு பற்றி வளர்வதற்கு வைக்கும் சாரங்களைச் செய்து சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருக்கிறேன். மருத்துவர் இல்லை. ஆகவே மச்சான் கையைப் பற்றிய முடிவை அறுவை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். குழாய்க்குள் நடப்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நரம்பு, படகு கட்டும் வடக்கயிறு போன்றது. உள்ளே புரிகள், ஒவ்வொரு புரிக்குள்ளும் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள். ஆனால் அந்த இழைகளின் உயிர் கையில் இல்லை. முதுகுத்தண்டிலும் அதை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் இருக்கும் செல்களிலிருந்துதான் அவை நீண்டு வருகின்றன. அதனால் அறுபட்ட இடத்துக்குக் கீழே உள்ள இழைகள் எல்லாம் அழிந்துபோகும். தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டிப் பார்த்து 1850-இல் அகஸ்டஸ் வாலர் இதை எழுதி வைத்தார். இழைகள் அழிந்தாலும் அவற்றைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள் அழிவதில்லை. அவை பெருகி, பழைய உறைக்குள்ளேயே வரிசை கட்டி நின்று, வளர்ச்சிக்கான புரதங்களைச் சுரந்துகொண்டிருக்கும். மேலேயிருந்து முளைக்கும் புது இழை அந்த வரிசையை எட்டிப் பிடித்துவிட்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் இறங்கும்.

எட்டிப் பிடிப்பதில்தான் சிக்கல். இடைவெளியில் தழும்பு புகுந்துவிட்டால் இழைகள் அதில் முட்டிச் சுருண்டு கட்டியாகிவிடும். குழாய் இதைத்தான் தடுக்கிறது. இரண்டு முனைகளையும் சில மில்லிமீட்டர் குழாய்க்குள் இழுத்து, நுண்ணோக்கியின் கீழே முடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைப்பார்கள். முதல் சில மணி நேரத்தில் முனைகளிலிருந்து கசியும் நீர் குழாயை நிரப்பும். ஒரு வாரத்துக்குள் அந்த நீரிலிருந்து ஃபைப்ரின் என்ற புரதம் உறைந்து, முனைக்கு முனை ஒரு திரி உண்டாகும். இரத்தக் குழாய்களும் ஷ்வான் செல்களும் அந்தத் திரியைப் பற்றிக்கொண்டு உள்ளே வரும், அவற்றின் பின்னால் நரம்பிழைகள் வரும். எல்லாம் முடிந்தபின் குழாய் கரைந்துவிடும்.

அந்தத் திரி சரியாக உண்டாவதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. இடைவெளி கூடக் கூட அது நடுவில் இளைத்துக்கொண்டே போகும், ஓர் அளவுக்கு மேல் உண்டாகவே ஆகாது. வெறும் குழாய்க்கு 3 சென்டிமீட்டர் எல்லை என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அந்த எல்லைகூட விரலில் ஓடும் சின்ன உணர்வு நரம்புக்கு வைத்தது. உணர்வும் தசை இயக்கமும் சேர்ந்த தடித்த நரம்பு என்றால் இன்னும் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள்.

மச்சானுக்கு இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. கையின் சிறு தசைகளை ஆட்டுகிற கலப்பு நரம்பு. அதுவும் இரும்புக் கயிறு நைத்த காயம். மூன்றும் சேர்ந்த இடத்தில் உலகம் முழுவதும் இன்றைக்கும் முதல் தேர்வு காலிலிருந்து எடுக்கும் நரம்புதான். குழாய் செய்வதையே தொழிலாகக் கொண்ட நான் இதைச் சொல்கிறேன்: காலை வெட்டக்கூடாது என்பதற்காக மட்டும் கடன் வாங்கிக் குழாய் வாங்காதீர்கள். உங்கள் நரம்பு ஒட்டுக்குள் ஷ்வான் செல்லும் அதன் உறையும் ஏற்கெனவே இருக்கின்றன. அதைச் செயற்கையாகச் செய்து காட்டத்தான் நாங்கள் எல்லோரும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்.

பாளை அரிவாள் எழுதியது:

சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவன் நான். அரிவாள் தவறி முன்கையில் பட்டு, காலிலிருந்து நரம்பு எடுத்து வைத்துக்கொண்டவன். தங்கை பயப்படுவது நடப்பதற்கு என்றால் பயம் வேண்டாம் என்று சொல்லுங்கள். எடுப்பது சூரல் நரம்பு, கெண்டைக்கால் பின்புறமாக இறங்கி வெளிக்கணுக்கால் ஓரமாகப் போவது. அது எந்தத் தசையையும் ஆட்டுவதில்லை. பாதத்தின் வெளி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போகும், அவ்வளவுதான். அந்த மரப்பும் எனக்கு ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. மரமேறுகிறேன், வண்டி ஓட்டுகிறேன்.

கைக்கு நேரம் பிடித்தது. முதல் பல மாதம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தழும்புக்குக் கீழே தட்டினால் விரலில் சுரீர் என்று மின்சாரம் பாய்ந்தது. அந்தச் சுரீர் மாதாமாதம் கீழே கீழே இறங்கியது. இழை வளர்வதன் அடையாளம் அது என்று மருத்துவர் சொன்னபிறகு, அதைத் தட்டிப் பார்ப்பதே எனக்குத் தெம்பு.

கீழக்கரை காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சிமடத்துத் தங்கச்சி விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. இரண்டு கேள்வி. கொலாஜன் என்றால் எந்தப் பிராணியின் கொலாஜன்? எங்கள் வீடுகளில் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார்கள். இன்னொன்று, விலை குறைந்த மாற்று எதுவும் கிடையாதா?

தங்கச்சிமடத்துப் பெண் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் காக்கா. கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி பெற்ற கொலாஜன் குழாய் மாட்டின் குதிகால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனால் ஆனது. அதற்கு முன் 1999-இல் அனுமதி பெற்றது பாலிகிளைகாலிக் அமிலக் குழாய். அதில் பிராணிப் பொருள் இல்லை, கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் அதே பொருள்தான். மருத்துவரிடம் எந்தப் பொருள் என்று கேளுங்கள், உறையின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

விலை குறைந்த மாற்று நம் உடம்பிலேயே இருக்கிறது. விரல் நரம்பில் சிறிய இடைவெளி என்றால், முன்கையிலிருந்து ஒரு துண்டு இரத்த நாளத்தை எடுத்து அதையே குழாயாக வைக்கிற வழக்கம் உண்டு. 1800-களின் கடைசியிலிருந்தே இரத்தக் குழாயை இதற்கு முயன்றிருக்கிறார்கள். இடைவெளி சின்னதாக இருந்தால் அது நன்றாகவே வேலை செய்கிறது. நீளமானால் அமுங்கி ஒட்டிக்கொள்ளும்.

1980-களில் ஸ்வீடனில் லுண்ட்போர்க் என்பவர் சிலிகான் குழாய்களை வைத்துத்தான் குழாய்க்குள் நரம்பு வளர்வதைப் படிப்படியாகக் காட்டினார். சிலிகான் கரையாது. நரம்பு தடிக்கும்போது நெருக்கும் என்ற அச்சத்தால், சிலருக்குப் பிறகு மறுபடி திறந்து எடுக்க வேண்டியிருந்தது. கரையும் பொருள்கள் பக்கம் எல்லோரும் திரும்பியதற்கு அது ஒரு காரணம்.

சின்னப்பாலம் எழுதியது:

இந்த உரையாடலைப் படிக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை. என் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறை இடுக்கில் கைவிட்டு மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் பறிக்கிறவர். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள், அதில் மருந்துக்கட்டு, பல் அச்சு எல்லாம் செய்கிறார்கள் என்று மண்டபத்தில் நடந்த பயிற்சியில் சொன்னார்கள். இறால் ஓட்டிலிருந்தும் நரம்புக் குழாய் செய்யலாம் என்று எங்கோ படித்தேன். ஓடும் நம்முடையது, பாசியும் நம்முடையது. கை அறுபடுவதும் நம் ஆட்களுக்குத்தான். குழாய் மட்டும் கப்பலேறி வந்து, கடன் வாங்கினால்தான் கிடைக்கும் என்றால் இது என்ன நியாயம்?

தங்கச்சிமடத்துப் பெண் எழுதியது:

தம்பி, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. நான் இந்தத் துறைக்கு வந்ததே இறால் கம்பெனி வாசலில் குவிந்து நாறும் ஓட்டைப் பார்த்து வளர்ந்ததால்தான். ஆனால் ஓட்டுக்கும் குழாய்க்கும் நடுவே எவ்வளவு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஓட்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும். பிறகு நீர்த்த காரத்தில் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின். அதைச் செறிவான சோடாக் காரத்தில் சூடாக்கினால் அசிட்டைல் என்ற பகுதி கழன்று கைட்டோசான் கிடைக்கும். இதுவரை ஒரு சிறு தொழிற்சாலையே செய்துவிடும். உரத்துக்கும் தண்ணீர் சுத்திகரிப்புக்கும் அது போதும். உடம்புக்குள் வைப்பதற்குப் போதாது. அசிட்டைல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அது கூடினால் குழாய் சீக்கிரம் கரைந்துவிடும், குறைந்தால் நெடுநாள் நிற்கும். எலிகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது 5 விழுக்காடு அளவில் மிஞ்சியது நரம்புக்கு ஏற்றதாகத் தெரிந்தது. அது தவிர, ஓட்டில் ஒட்டிய கன உலோகமும் பாக்டீரியா நச்சும் மிக மிகக் குறைந்த ஓர் அளவைத் தாண்டக்கூடாது. மழைக்காலத்து ஓடும் கோடைக்காலத்து ஓடும், ஒரு வகை இறாலும் இன்னொரு வகையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கைட்டோசான் நரம்புக் குழாய் ஐரோப்பாவில் மருத்துவமனைக்கே வந்துவிட்டது. ஆகவே முடியாத காரியமில்லை, செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆல்ஜினேட் பற்றியும் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள். 1999-இல் ஜப்பானியர்கள் பூனையின் தொடையில் ஓடும் சயாட்டிக் நரம்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, உறைய வைத்து உலர்த்திய ஆல்ஜினேட்டால் அதை நிரப்பி, நரம்பு அதைக் கடந்து வளர்ந்ததைக் காட்டினார்கள். வெறும் குழாயால் கடக்க முடியாத தூரம் அது. உள்ளே செல்கள் பற்றி நடக்க ஏதாவது இருந்தால் தூரம் கூடும் என்பதற்கு அது ஒரு நல்ல சான்று. இன்றைக்கு எங்களைப் போன்ற கூடங்களில் நடக்கும் வேலை எல்லாம் இந்த உள்நிரப்பைப் பற்றித்தான். கைட்டோசான் கரைசலை ஒரு முனையிலிருந்து மட்டும் குளிரூட்டினால் பனிப்படிகங்கள் ஒரே திசையில் நீளும். அந்தப் பனியை வெற்றிடத்தில் ஆவியாக்கிவிட்டால், படிகம் இருந்த இடமெல்லாம் நீளவாக்கில் நுண்துளைகளாகிவிடும். நுண்ணோக்கியில் ஷ்வான் செல் அந்தத் துளை ஓரமாக உடம்பை நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம். ஆனால் இது கிண்ணத்திலும் எலியிலும் நடப்பது. எலிக்கு 1 சென்டிமீட்டர் கடந்துவிட்டால் கட்டுரை வந்துவிடும். மனிதக் கைக்கு அது போதாது.

நம் நாட்டில் ஆள் இல்லாமலும் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதய வால்வையே உள்நாட்டில் செய்து காட்டியது. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொலாஜனில் நீண்ட அனுபவம் உண்டு. நம் கரையின் ஓடும் பாசியும் அவர்கள் தரத்துக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். அதை அரசிடம் கேட்க வேண்டியது நாம்தான்.

நம்பிக்கை எழுதியது:

இவ்வளவு சுற்ற வேண்டாம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் அறுந்த நரம்பு தானாகச் சேர்ந்துவிடும் என்று விளம்பரம் பார்த்தேன். இறால் ஓட்டைச் சுட்டுப் பொடித்துக் காயத்தில் வைத்தாலும் நரம்பு கூடும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்வார். அறுவை இல்லாமல் முயன்று பார்க்கலாமே?

பனைக்குளம் பிசியோ எழுதியது:

கூடாது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் செய்துவிடாதீர்கள். ஓட்டுப் பொடி புண்ணில் பட்டால் சீழ்தான் பிடிக்கும். கைட்டோசானுக்கும் சுட்ட ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லை, சுட்டால் மிஞ்சுவது சுண்ணாம்பு. முழுதாக அறுந்து முனைகள் விலகிய நரம்பை எந்த ஊசியாலும் சேர்க்க முடியாது. பெரியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த ஊசிக்கு நிலத்தை விற்றுப் பணம் கட்டிய குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

மண்டபம் அண்ணனுக்கு: குழாயா ஒட்டா என்பதைவிடப் பெரிய விஷயம் தடைக்காலம் வரைக்கும் தள்ளலாம் என்ற பேச்சு. அதை இன்றைக்கே நிறுத்துங்கள். நரம்பு வராத தசை சும்மா காத்துக்கொண்டிருக்காது. மெலிந்து, நாராகிக் கொழுப்பாகிவிடும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தாண்டினால் நரம்பு வந்து சேர்ந்தாலும் ஆட்டுவதற்குத் தசை இருக்காது. கணக்குப் பாருங்கள். காயத்திலிருந்து கையின் சிறு தசைகளுக்கு 15 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 5 மாதம், ஒட்டின் இரண்டு தையல்களையும் கடக்கும் தாமதத்தோடு 6 மாதத்துக்கு மேல். தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15. விபத்து நடந்து அப்போதே அரை ஆண்டு ஆகிவிடும். இரண்டையும் கூட்டினால் ஓராண்டு போய்விடுகிறது. இப்போதே செய்தால் தசைக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடிக்கச் சொல்லி இழுங்கள். நல்ல கையில் கட்டைவிரல் நேராக நின்று பிடிக்கும். அல்நார் செத்த கையில் கட்டைவிரலின் நுனி மடங்கும், அது வேறு தசையைக் கடன் வாங்கிப் பிடிப்பது. அறுவைக்குப் பிறகு மாதம் ஒருமுறை இதையே பார்த்துக் குறித்து வையுங்கள்.

அதுவரை மோதிர விரலும் சுண்டுவிரலும் பறவையின் கால் நகம் போல் வளைந்துவிடாமல் இருக்கச் சிறு பிளாஸ்டிக் பட்டை போட்டுத் தருவோம். ராத்திரியும் கழற்றக்கூடாது. மூட்டு இறுகிவிட்டால் நரம்பு வந்தும் பயனில்லை. மரத்த விரலில் சூடு தெரியாது. டீக் கிளாசையும் சட்டியையும் வலது கையால் எடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் பெட்டியில் அந்தக் கையை விடவே கூடாது. பீடி பிடிப்பவர் என்றால் விடச் சொல்லுங்கள், நுண்ணிய இரத்தக் குழாய்கள் சுருங்கிப்போகும்.

இன்னொன்று. நரம்பு எதிர்பார்த்தபடி வராவிட்டாலும் கை முடிந்துபோய்விடாது. வேலை செய்கிற தசைநார் ஒன்றை இடம் மாற்றித் தைத்து, விரலை நிமிர்த்தும் அறுவை இருக்கிறது. வேலூரில் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் தொழுநோயால் அல்நார் நரம்பு போனவர்களுக்கு அதைச் செய்து, மடங்கிய கைகளைத் திரும்ப வேலைக்கு அனுப்பினார். நம் தமிழ்நாட்டிலேயே வளர்ந்த வைத்தியம் அது.

மண்டபம் வடகரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாள் சோதனை செய்தோம், கட்டைவிரல் மடங்குகிறது. பிசியோ தம்பி போட்ட கணக்கை அவரிடமே படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பொங்கலுக்கு முன்னாலேயே செய்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். படகுக்காரர் முன்பணம் தருகிறேன் என்கிறார். காலிலிருந்து நரம்பு எடுப்பதற்குத் தங்கையும் சம்மதித்துவிட்டாள். மதுரையிலேயே செய்வதா, வேறு இடத்தில் ஒரு கருத்துக் கேட்பதா? மருத்துவரிடம் கேட்க வேண்டியது என்னென்ன?

தங்கச்சிமடத்துப் பெண் எழுதியது:

நல்ல செய்தி அண்ணே. மதுரை மருத்துவர் இடைவெளியை முன்கூட்டியே சொல்லி, இரண்டு வழியையும் மறைக்காமல் எடுத்து வைத்திருக்கிறார். எனக்கு அதுவே நம்பிக்கை தருகிறது. இன்னொரு கருத்து வேண்டுமென்றால் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே பழைய, பெரிய பிரிவு இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையும் இதற்குப் பெயர் பெற்றது. ஆனால் கருத்துக் கேட்கிறேன் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள்.

கேளுங்கள்: நுண்ணோக்கி வைத்துச் செய்கிறீர்களா? நைந்த பகுதியை நல்ல புரிகள் தெரியும்வரை வெட்டுவீர்களா? அல்நார் தடித்தது, சூரல் மெலிந்தது. ஆகவே சூரலைத் துண்டுகளாக்கிப் பக்கம் பக்கமாக மூன்று, நான்கு வைக்க வேண்டியிருக்கும், எத்தனை வைப்பீர்கள்? கை அசைந்தாலும் தையல் இழுபடாதபடி ஒட்டு நீளமாக இருக்குமா? ஒட்டு இழுபடவே கூடாது என்பதை 1970-களில் வியன்னாவின் மில்லேசி வலியுறுத்திய பிறகுதான் இந்த அறுவையின் பலன் நன்றாக உயர்ந்தது. தையல் இடத்தைச் சுற்றிக் கொலாஜன் உறை போடலாமா என்று கேட்பார்கள் என்றால், அது கட்டாயமில்லை, பணம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, நரம்பு ஒட்டு அறுவைக்கு எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாளை அரிவாள் எழுதியது:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்தக் காலிலிருந்து எடுப்பது என்று அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள். மச்சான் படகில் வெறுங்காலோடு நிற்பவர், வலை இழுக்கும்போது ஒரு காலைத்தான் பலகையில் அழுத்தி ஊன்றுவார். அந்தக் காலைச் சொல்லி, மற்றதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு யாரும் கேட்கவில்லை. மரமேறும்போது பாதத்தின் வெளி ஓரம் மட்டையில் படுவதே தெரியாமல் ஒரு பருவம் முழுக்கப் பழக வேண்டியிருந்தது. ஆணியோ முள்ளோ குத்தினாலும் தெரியாது, தினமும் படுக்கப்போகும் முன் அந்தப் பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மண்டபம் வடகரை எழுதியது:

வலது காலை ஊன்றுவார். இடது காலிலிருந்து எடுக்கும்படி நாளைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுகிறேன். அறுவை முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.